இல்லத்தில் ஓர் எளிய கிறிஸ்மஸ்

ஆண்டுதோறும் மார்கழித் திங்களின் குளிர்ந்த வைகறையிலே நம்மை நாடிவரும் கிறிஸ்மஸ் பண்டிகையை விரும்பாதார் நம்மவருள் எவருமிலர். ஆயினும், அப்பண்டிகை கழிந்த மறுநாட் காலையில் நம் வீடுகளுள் புகுந்து பார்ப்போமாயின், மகிழ்ச்சியினும் அயர்ச்சியே அங்கு மிகுதியாகக் குடிகொண்டிருத்தலைக் காண்போம். அடுப்படியில் எண்ணெய்ச் சட்டிகள் கழுவப்படாமற் கிடக்கும். குடும்பத் தலைவர் கடைக்காரரின் சீட்டுகளைக் கூட்டிக் கொண்டிருப்பார். வீட்டிலுள்ள அம்மையாரோ, இரண்டு வாரம் ஓயாதுழைத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, 'எப்படியோ முடிந்தது' என்று பெருமூச்செறிவார். 'முடிந்தது' என்று ஆறுதல் கொள்ளத்தக்க ஒன்றைப் பண்டிகை என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவை எழுப்பிச் செல்வந்தர்க்கு உபதேசம் செய்வது என் கருத்தன்று. செலவு செய்ய வகையுள்ளோர் செய்வதைப்பற்றி யான் சொல்லத்தக்கது யாதுமில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்னும் பழமொழியை அறிந்திருந்தும், ஆண்டுக்கொருமுறை அதனை மறந்தே தீரவேண்டும் என்றெண்ணும் எம்போன்ற எளிய குடும்பத்தாரைக் குறித்தே இங்குப் பேசப் புகுந்தேன். சிறிது செலவில், ஓய்வோடும் மன அமைதியோடும், இல்லத்தாரனைவரும் கூடியிருந்து கிறிஸ்மஸ் கொண்டாடுதல் இயலும் என்பதை எம் குடும்பம் இரண்டு முறை கண்டது. முதன்முறை வெள்ளம் எமக்கு அதனைக் கற்பித்தது. இரண்டாமுறை யாமே விரும்பி அதனை மேற்கொண்டோம்.

எம் ஊர், தாமிரபரணியின் கரையில், ஏரலுக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூர். என் தந்தையார் தையற்காரர். வீட்டின் முன்னறையே அவருக்குக் கடை. தையற்காரர் வீட்டுக் கிறிஸ்மஸ் எத்தகையதென்பதை அவ்வீட்டிற் பிறந்தோரே அறிவர். கார்த்திகை பிறந்தவுடன் துணிகள் வந்து குவியத் தொடங்கும். டிசம்பர் 20-ஆம் நாளுக்குப்பின் தந்தையார் பாயில் முதுகு சாய்த்ததை யான் கண்டதேயில்லை. அன்னையார் பகலெல்லாம் முந்திரிக்கொத்தும் அதிரசமும் அச்சுமுறுக்கும் செய்வார். இரவெல்லாம் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பார். அதிகாலை 4 மணி ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போதும் எவரேனும் ஒருவர் தம் கால்சட்டைக்காக எம் திண்ணையிற் காத்திருப்பர். ஊரார் அனைவரும் புத்தாடையுடன் ஆலயத்துட் புகுந்தபின், கடைசி வரிசையில் தந்தையார் வந்தமர்ந்து, பிரசங்கம் தொடங்குமுன் கண்ணயர்ந்துவிடுவார். ஊருக்கெல்லாம் பண்டிகையைத் தைத்துக் கொடுத்தவருக்குத் தமக்கென ஒரு பண்டிகை இல்லாதிருந்தது.

இங்ஙனம் உழைத்து ஈட்டிய பொருளும் எம்மிடம் தங்கியதில்லை. தந்தையார் வரவுசெலவுக் கணக்கைத் தவறாது எழுதும் வழக்கமுடையவர். 2022-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களுக்குரிய பக்கத்தில் அவர் எழுதியிருப்பன இவை: துணி 9,800 ரூபாய், இறைச்சி, அரிசி, மளிகை 6,200, பலகாரம் 4,500, விளக்கும் அலங்காரமும் 1,900, அன்பளிப்பு 2,600, ஆகத் தொகை 25,000 ரூபாய். இதில் 10,000 ரூபாய் கடன். மாதம் நூற்றுக்கு 3 வீதம் வட்டி. ஆறு திங்கள் கழித்து அது தீர்ந்தபோது வட்டி மட்டும் 1,800 ரூபாய் ஆகியிருந்தது. ஒரு நாட் பண்டிகைக்கு ஆனி மாதம் வரை விலை கொடுத்தோம். இதனை எவரும் எம்மீது சுமத்தவில்லை. 'அவர்கள் வீட்டில் இவ்வாண்டு என்ன செய்தார்கள்?' என்னும் கேள்வி ஒன்றே எம்மையும், எம்மைப்போன்ற பிறரையும் இவ்வாறு ஆட்டிவைத்தது.

இந்நிலையில் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மழை தொடங்கியது. மறுநாட் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததென்று வானிலைத் துறையார் அறிவித்தனர். எம் மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையினும் அது மிகுதி. ஸ்ரீவைகுண்டம் நிலையத்திற் புகைவண்டியொன்று ஏறத்தாழ 800 பிரயாணிகளுடன் வெள்ளத்தினிடையே அகப்பட்டு நின்ற செய்தியை யாவரும் அறிவர். யான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். நான்கு நாட்கள் வீட்டாரின் குரலையே கேட்டிலேன். 22-ஆம் நாள், பேருந்து சென்ற தூரம் பேருந்திலும், எஞ்சிய தூரம் சேற்றிலும் நடந்து ஊர் புகுந்தேன்.

அனைவரும் உயிருடன் இருந்தனர். வீட்டுக்குள் இடுப்பளவு நீர் வந்து வடிந்திருந்தது. சுவரில் அதன் கோடு நேராக, அளவுநாடா பிடித்து வரைந்ததுபோல் நின்றது. அரிசி மூட்டை ஊறிப் புளித்துவிட்டது. பலகாரத்துக்கென இடித்து வைத்த மாவு களியாய்க் கிடந்தது. தையல் இயந்திரம் சேறு அடைத்து அசையாதிருந்தது. நனையாமல் இருந்தது ஒன்றே ஒன்று: ஊரார் தைக்கக் கொடுத்திருந்த துணி மூட்டை. நீர் வாசற்படியைத் தொட்டபோது தந்தையார் முதன்முதல் அதனையே பரண்மேல் ஏற்றினாராம். மறுநாள் முதல் அவரவர் வந்து தத்தம் துணியைப் பெற்றுச்சென்றனர். தைக்க இயலாமைக்கு வருந்தி அவர் ஏதோ சொல்லத் தொடங்க, 'பொங்கலுக்குத் தைத்துக்கொள்ளலாம் அண்ணாச்சி. நீங்கள் முதலில் இயந்திரத்தைப் பாருங்கள்' என்று சொல்லிப் போயினர்.

அவ்வாண்டுக் கிறிஸ்மஸை எவ்விதம் கொண்டாடுவதென்று ஆலோசனை செய்யவே இடமில்லை. கடன் கொடுப்பாரும் இலர். கொடுப்பினும் வாங்கச் செல்லுதற்குக் கடைகள் இல்லை. மின்சாரம் மீளவில்லை. என் தம்பிக்கு அப்போது வயது ஒன்பது. 'நட்சத்திரம்கூட இல்லையா?' என்று அவன் கேட்ட கேள்விக்கு எம்முள் எவராலும் விடை சொல்ல இயலவில்லை. எம் ஆச்சி மட்டும், 'மின்சாரம் வருமுன்பும் நம் ஊரில் நட்சத்திரம் இருந்ததடா' என்றார். மூங்கிலைச் சிம்பு சிம்பாய்க் கீறச் சொன்னார். முக்கோணம் இரண்டு கட்டி, ஒன்றன்மேலொன்று வைத்துப் பிணைத்து, வண்ணத்தாள் ஒட்டுவித்து, நடுவில் ஒரு மெழுகுவத்தி நிற்கத் தகரத் துண்டொன்றை வளைத்து வைப்பித்தார். தந்தையார் தம் கத்தரியால் தாளை அளவு பிசகாது நறுக்கிக் கொடுத்தார். தெரு முழுதும் இருண்டு கிடந்த அவ்விரவில் எம் நட்சத்திரம் ஒன்றே ஒளிர்ந்தது. முன்னாளில் வாங்கிய மின்விளக்குச் சரங்களுள் எதுவும் அத்துணை அழகாய் எனக்குத் தோன்றியதில்லை.

ஆச்சி தம் இளமைக் காலத்தை அன்று எமக்கு விரித்துரைத்தார். தேரிக்காட்டு ஓரத்தில், பனையேறும் குடும்பத்திற் பிறந்தவர் அவர். ஆண்டில் பெரும்பகுதி கம்பும் கேழ்வரகுமே உணவு. நெல்லரிசிச் சோறு என்பதே பண்டிகை. புத்தாடை ஆண்டுக்கு ஒன்று. அதுவும் அடுத்த ஆண்டு வரை உழைக்கத்தக்க முரட்டுத் துணி. குருத்தோலைத் தோரணமும், கருப்பட்டி இட்ட ஒரு பலகாரமும், இரவெல்லாம் பாடும் பஜனையுமே அவர்கள் அறிந்த கிறிஸ்மஸ். 'குறை இருந்ததா ஆச்சி?' என்று என் தங்கை கேட்டாள். அவர் சற்றே எண்ணி, 'பசி இருந்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பண்டிகையன்று யாரும் களைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை' என்றார். வறுமையைப் புகழாமலும், பழமையைப் பொன்னென்று கூறாமலும் உண்மையை மட்டும் உரைத்த அச்சொல் என் நெஞ்சிற் பதிந்தது.

24-ஆம் நாள் இரவு தந்தையார் எட்டு மணிக்கே உறங்கினார். இரவு இரண்டு மணிக்கு விழித்த யான், அவர் குறட்டை ஒலியைக் கேட்டு நெடுநேரம் படுத்திருந்தேன். காலையில் எவரும் புத்தாடை அணிந்திலர். துவைத்துலர்த்திய பழைய ஆடையுடன் சென்றோம். வாலிபர்கள் சேற்றை வாரிக் கழுவிய ஆலயத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆராதனை நடந்தது. தந்தையார் விழிப்புடனிருந்து பிரசங்கம் முழுவதையும் கேட்டார். திரும்பி வரும் வழியில் அதனைக் குறித்து எம்முடன் பேசவும் செய்தார். அது எமக்குப் புதிது.

அன்றைய விருந்து கோழிக் குழம்பும் சோறும், பாசிப்பருப்புப் பாயசமும். அரிசி நிவாரணமாய்க் கிடைத்தது. உலர்ந்த விறகை அண்டை வீட்டு இந்து அம்மையார் தம் மாடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் எமக்கும், கிறிஸ்மஸுக்கு எம் வீட்டுப் பலகாரம் அவருக்கும் செல்வது முப்பதாண்டு வழக்கம். தட்டு நிறையப் பலகாரம் அனுப்ப இயலவில்லையே என்று அன்னையார் மிகவும் நைந்தார். ஒரு தூக்குச் சட்டியிற் பாயசம் அனுப்பினோம். அச்சட்டி கழுவப்பட்டு, உள்ளே ஒரு பிடி உலர்ந்த உப்புடன் திரும்பி வந்தது. வெள்ளத்தில் எம் உப்பெல்லாம் கரைந்துபோனதை அவ்வம்மையார் அறிந்திருந்தார்.

சமையல் காலை பத்து மணிக்கே முடிந்தது. ஒரே குழம்பு ஆதலின் பரிமாறுதற்கு நின்று கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. சட்டியை நடுவில் வைத்து யாவரும் வட்டமாய் அமர்ந்தோம். அன்னையார் வழக்கம்போல் அகப்பையுடன் நின்றார். 'நீயும் உட்காரம்மா' என்று ஆச்சி அவர் கையைப் பிடித்து இழுத்தார். அமர்ந்தவர், தம்முன் இருந்த இலையைச் சிறிது நேரம் பார்த்தபடியே இருந்துவிட்டு, 'பண்டிகைச் சோறு சூடாக இருக்கும்போது நான் சாப்பிட்டதேயில்லை' என்றார். குறையாக அவர் அதனைச் சொல்லவில்லை, வியப்பாகவே சொன்னார். தந்தையார் தலை கவிழ்ந்து உண்டார். அவ்வாண்டுப் பக்கத்தில் அவர் எழுதிய கணக்கு இது: மெழுகுவத்தி 60, கருப்பட்டி 160, தேங்காய் 90, கோழி 450, பருப்பும் காய்கறியும் 120, வண்ணத்தாள் 40, ஆகத் தொகை 920 ரூபாய். கடன் என்னும் இடத்தில் ஒரு கோடு.

வெள்ளம் நல்லதென்று யான் கூறவில்லை. அதனால் எம் மாவட்டத்தார் அடைந்த துயரை அறிந்தோர் எவரும் அங்ஙனம் கூறார். இழந்தவற்றை மீட்க எமக்கு ஓராண்டு ஆயிற்று. ஆயினும், பண்டிகையினின்று எவற்றை நீக்கினாலும் பண்டிகை எஞ்சும் என்பதை அவ்வாண்டு யாம் ஐயமறத் தெளிந்தோம்.

இவ்வுண்மை எம் வீட்டில் மட்டும் விளைந்ததன்று. பண்டிகையின் வரலாற்றைச் சிறிது நோக்குமின். பெத்லகேமின் முன்னணை முதல் காட்சியாதலின் அதனை விடுவோம். 1223-ஆம் ஆண்டில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள், இத்தாலி நாட்டுக் கிரெச்சோ என்னும் மலையூரில், வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் கொண்டு பிறப்பின் காட்சியை மக்கட்குக் காட்டினார். இன்று உலகெங்கும் வைக்கப்படும் குடில்களுக்கெல்லாம் அவ்வைக்கோலே தாய். 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ப் என்னும் சிற்றூர் ஆலயத்தில், இருவர் குரலும் ஒரு கித்தாரும் கொண்டு முதன்முறை பாடப்பட்ட கீதமே இன்று பன்மொழிகளிலும் முழங்கும் அமைதி இரவின் கீதம். இவை இரண்டும் பொருட்செலவிற் பிறந்தவையல்ல.

செலவு பின்னர் வந்தது. 1843-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஹென்றி கோல் என்பார் அச்சிட்ட முதற் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை விற்பனைக்கு வந்தது. விலை ஒன்று ஒரு ஷில்லிங். அதே ஆண்டு அதே திங்களில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் புகழ்பெற்ற கிறிஸ்மஸ் கதையை வெளியிட்டார். அதில் வரும் ஏழைக் குமாஸ்தாவின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். வாரத்தில் வேலைநாள் ஆறெனக் கொள்ளின், ஒரே ஒரு வாழ்த்து அட்டைக்கு அவர் ஏறக்குறைய அரைநாட் கூலியைக் கொடுக்கவேண்டும். அக்குமாஸ்தாவின் வீட்டிலோ, ஒரு சிறிய வாத்து இறைச்சியைச் சுற்றி மனைவியும் மக்களும் மகிழ்ந்திருக்கின்றனர். கதையைப் படித்த உலகம் அவ்வீட்டை விரும்பியது. ஆனால் அட்டையை வாங்கியது. இன்றளவும் நாம் செய்துவருவது அதுவே.

மீண்டும் எம் இல்லத்திற்கு வருவோம். 2024-ஆம் ஆண்டு, வெள்ளமும் இல்லை. வருவாயும் ஒருவாறு சீர்பட்டது. பழைய முறைக்கே திரும்புவதா என்னும் கேள்வி எழுந்தபோது, தந்தையார் கடை முகப்பில் ஓர் அட்டை எழுதி மாட்டினார்: 'டிசம்பர் 12-க்குப் பின் வரும் துணி பொங்கலுக்கே கிடைக்கும்.' சில வாடிக்கைக்காரர் வேறு கடை தேடிச் சென்றனர். அதனால் 1,500 ரூபாய் அளவிற்குக் கூலி குறைந்தது. முன்னர்க் கட்டிவந்த வட்டி அதனினும் மிகுதி என்பதை மேலே கண்டோம்.

பலகாரம் இரண்டென வரையறுத்தோம். 23-ஆம் நாள் யாவரும் கூடிச் செய்தோம். தேங்காய் துருவுதல் எனக்கும், கருப்பட்டி தட்டுதல் தந்தையாருக்கும் ஆயிற்று. முந்திரிக்கொத்தின் உருண்டைகள் எம் கைகளில் ஒன்று எலுமிச்சையளவும் ஒன்று மாங்காயளவும் ஆயின. அண்டை வீட்டார் குறை கூறிற்றிலர். புத்தாடை ஆச்சிக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் மட்டும். அன்பளிப்புக்கு அறுவர் பெயரையும் சீட்டெழுதிக் குலுக்கி, தமக்கு வந்த பெயருக்குரியவர்க்கு 70 ரூபாய்க்கு மேற்படாத ஒரு பொருள் கொடுப்பதென்று வகுத்தோம். தம்பிக்கு அன்னையாரின் பெயர் வந்தது. அவன் வாங்கி வந்தது ஒரு கைவிசிறி. 'அடுப்படியில் இருந்து வெளியே வந்து உட்காரும்போது வீசிக்கொள்ள' என்று அதனுடன் எழுதி வைத்திருந்தான். நட்சத்திரம் மூங்கிலே. காலையில் இட்டலியும் கறிக் குழம்பும். நண்பகலுக்கு அதே குழம்பும் சோறும். கைப்பேசிகள் மாலை வரை தந்தையாரின் நூற்கண்டுப் பெட்டியில் உறங்கின. பிற்பகலில் ஆச்சியும் தங்கையும் பல்லாங்குழி ஆடினர். வெயில் தாழ்ந்தபின் யாவரும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். அவ்வாண்டுக் கணக்கு: துணி 2,700, இறைச்சியும் அரிசியும் 1,900, பலகாரம் 1,100, தாள் 80, அன்பளிப்பு 420, ஆக 6,200 ரூபாய். கடன் என்னும் இடத்தில் மீண்டும் ஒரு கோடு.

இதற்கு ஒரு தடை கூறுவாருளர். யாவரும் இங்ஙனம் செலவைச் சுருக்கின் தையற்காரரும் சிறு வணிகரும் பிழைப்பதெங்ஙனம் என்பர். தையற்காரர் மகனாகிய யான் இத்தடையை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தந்தையாரையே கேட்டேன். 'துணி தைக்க வேண்டாமென்று யார் சொன்னது? ஆண்டு முழுதும் கொண்டுவரட்டும். கடைசி வாரத்தில் கடன்பட்டுக் கொண்டுவந்து, என் உறக்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டாம்' என்றார். இதனினும் தெளிவாய் யான் விடை கூற வல்லேனல்லேன். மேலும், சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தனக்கெனச் சுருக்குவது சிக்கனம். பிறர்க்குரியதைச் சுருக்குவது கஞ்சத்தனம். அண்டை வீட்டுக்குச் செல்லும் தட்டையும், ஆலயத்தின் காணிக்கையையும், இல்லாதார்க்கு இடும் சோற்றையும் குறைத்துச் செய்யும் எளிமை, எளிமையன்று.

மாணவ நண்பர்களே! பரீட்சை முடிந்து விடுமுறைக்கு வீடு செல்லும் நாள் அணித்தாயிருக்கின்றது. உங்கள் வரவை முன்னிட்டே உங்கள் வீடுகளிற் பாதிச் செலவு நிகழ்கின்றது என்பதை நீங்கள் அறிவீரோ, அறியீரோ. புறப்படுமுன் பெற்றோர்க்கு ஒரு சொல் அனுப்புங்கள்: 'எனக்குப் புதிய உடை இவ்வாண்டு வேண்டுவதில்லை' என்று. வீடு சேர்ந்ததும் தேங்காய்த் துருவியை நீங்களே கையில் எடுங்கள். பண்டிகையன்று நண்பகலில் இலை போடும்போது, வீட்டில் உள்ளோர் எத்தனை பேரோ அத்தனை இலையும் ஒருமிக்கப் போடுங்கள். உங்கள் அன்னையார் அமரும்வரை ஒருவரும் உண்ணத் தொடங்காதிருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.